களவுபோன மடிக்கணினியும் காக்கப்பட வேண்டிய அமானிதமும்





அமானிதம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவது, ஹஜ்ஜுக்குப் புறப்படும் அயல் வீட்டார் நம்மிடம் ஒப்படைத்துச் செல்லும் நகைப்பெட்டியும் பணமுடிச்சும்தான். அவற்றை அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறோம். சாவியை இடுப்பிலே சொருகிக்கொள்கிறோம். அவர்கள் திரும்பி வரும்வரை நிம்மதியாக உறங்குவதில்லை. ஆனால் பிறருடைய பெயரையும், வறுமையையும், குடும்பத்துப் புகைப்படத்தையும், வங்கிக் கணக்கு இலக்கத்தையும் ஒரு மடிக்கணினிக்குள் வைத்து, அதை ஒரு பைக்குள் போட்டு, பஸ்ஸின் மேல்தட்டில் எறிந்துவிட்டு உறங்குகிறோம். இதுவும் அமானிதம் என்ற எண்ணம் நமக்கு வருவதில்லை. இன்றைய உரை அதைப் பற்றியதே.

எனக்கு நன்கு தெரிந்த குடும்பம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரையும் பெயரையும் சொல்லமாட்டேன். கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர். பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டு. விடுமுறை முடிந்து இரவு பஸ்ஸிலே கொழும்புக்குப் புறப்பட்டார். நள்ளிரவுக்குப் பின்னர் பஸ் ஒரு தேநீர்க் கடையருகே நின்றது. அவர் இறங்கி வுழூச் செய்து, ஒரு பிளேன்டீ அருந்திவிட்டுத் திரும்பியபோது மேல்தட்டில் இருந்த பை இல்லை. சாரதியிடம் முறையிட்டார், நடத்துனரிடம் முறையிட்டார், பக்கத்து ஆசனத்தவரிடம் கேட்டார். எவருக்கும் தெரியாது. பஸ் புறப்பட்டுவிட்டது.

அந்த மடிக்கணினியை வாங்குவதற்காக அவரது வாப்பா சவூதியில் இரண்டு வருடம் சேமித்திருந்தார். தாத்தாவின் திருமணப் புகைப்படங்கள் அதிலே இருந்தன. வாப்பாவின் கடவுச்சீட்டுப் பிரதி, உம்மாவின் அடையாள அட்டைப் பிரதி, எழுதி முடிக்கும் தறுவாயில் இருந்த ஆய்வுக் கட்டுரை ஆகியனவும் இருந்தன. இவற்றையெல்லாம்விடப் பாரமான ஒன்றும் இருந்தது. ஊர்ப் பள்ளிவாசலின் பைத்துல்மால் கணக்கை ஒழுங்குபடுத்தித் தரும்படி நிர்வாக சபையினர் அவரிடம் கேட்டிருந்தனர். ஸகாத் பெறும் அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் பட்டியல் அந்தக் கணினியில் இருந்தது. யார் விதவை, யாருடைய கணவர் விட்டுச் சென்றுவிட்டார், யாருக்கு எவ்வளவு கடன், யாருடைய பிள்ளைக்கு என்ன நோய் என்பதெல்லாம் அடையாள அட்டை இலக்கத்துடனும் தொலைபேசி இலக்கத்துடனும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன.

இடக் கை அறியாமல் வலக் கை கொடுக்க வேண்டும் என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். கொடுப்பவரின் தர்மமே மறைவாக இருப்பது சிறப்பென்றால், பெறுபவரின் வறுமை எவ்வளவு மறைவாக இருக்க வேண்டும்!

நேயர்களே, அந்த மாணவர் அடுத்ததாகச் செய்தது என்ன தெரியுமா? ஒன்றுமே செய்யவில்லை. இரண்டு நாட்கள் எவரிடமும் வாய் திறக்கவில்லை. விடுதி அறையில் படுத்துக் கிடந்தார். "வாப்பாவிடம் எப்படிச் சொல்வது?" என்ற ஒரே பயம். பள்ளிவாசல் தலைவருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்ற வெட்கம். மூன்றாம் நாள் உம்மா தொலைபேசியில் அவரது குரலைக் கேட்டே ஏதோ நடந்திருப்பதை உணர்ந்து, விடாமல் கேட்டு உண்மையை அறிந்தார்.

பெற்றோர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். கள்வன் எடுத்தது பையை. அந்த இரண்டு நாட்களை எடுத்தது பயம். ஒரு பொருளைத் தொலைத்துவிட்டு வந்து சொல்லும் பிள்ளையை நாம் எவ்வாறு வரவேற்கிறோம்? "உனக்கெல்லாம் எதற்குக் கணினி? கண்ணைத் திறந்துகொண்டா இருந்தாய்?" என்று கேட்டுவிட்டால், அடுத்த முறை அந்தப் பிள்ளை நம்மிடம் வராது. கணினியை மட்டுமா? அதைவிடப் பெரிய சங்கடத்திலும் வராது. யாராவது ஒருவன் புகைப்படத்தை வைத்து மிரட்டினாலும் நம்மிடம் சொல்லாது. எங்கள் ஊர்களில் சில பெண் பிள்ளைகள் தனியாக அழுது முடித்த விடயங்களை நான் பிற்பாடு கேள்விப்பட்டிருக்கிறேன். அவை நேரத்துடன் வெளியே வந்திருந்தால் ஒரு பொலிஸ் முறைப்பாட்டுடன் முடிந்திருக்கும்.

செய்தி தாமதமாவது நம் வீடுகளில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களத்தின் அலுவலர் ஒருவரது வீட்டில் 2006 மே 3 ஆம் திகதி கள்வர்கள் புகுந்தனர். அவர் வேலைக்காக வீட்டுக்குக் கொண்டு சென்றிருந்த மடிக்கணினியும் அதனோடிருந்த வெளி வன்தட்டும் களவு போயின. ஏறத்தாழ 2 கோடியே 65 இலட்சம் பேரின் பெயர், பிறந்த திகதி, சமூகப் பாதுகாப்பு இலக்கம் ஆகியவை பூட்டுமின்றித் திறப்புமின்றி அதில் கிடந்தன. அந்த அலுவலர் உடனே அறிவித்தார். ஆனால் திணைக்களத்தின் தலைமைச் செயலாளரின் காதுக்கு அது எட்டியது மே 16 இல். பொதுமக்களுக்குச் சொல்லப்பட்டதோ மே 22 இல். ஜூன் மாத இறுதியில் பொருட்கள் மீட்கப்பட்டன. தரவுகளை எவரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை என்று பரிசோதித்த எப்.பி.ஐ. கூறியது. அவ்வாறிருந்தும் தொடுக்கப்பட்ட வழக்குகளைத் தீர்ப்பதற்கு அத்திணைக்களம் 2009 இல் 2 கோடி டொலர் வழங்க இணங்கியது. கணினியின் விலை எங்கே, அதற்குள் இருந்ததன் விலை எங்கே!

இனி, களவு போய்விட்டது என்று தெரிந்தவுடன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் மின்னஞ்சல். பலர் முகநூலைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் முகநூலின் கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்று சொன்னால் புதிய கடவுச்சொல்லுக்கான இணைப்பு எங்கே வருகிறது? மின்னஞ்சலுக்குத்தானே! ஆகவே மின்னஞ்சல் என்பது வீட்டுத் தலைவாசலின் சாவி. மற்றவை அறைகளின் சாவிகள். நண்பர் ஒருவருடைய தொலைபேசியிலிருந்தாவது உடனடியாக மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கூகுள் கணக்காயின் பாதுகாப்புப் பகுதியில் "உங்கள் சாதனங்கள்" என்று ஓர் இடம் உண்டு. களவுபோன கணினி அங்கே பட்டியலில் இருக்கும். அதிலிருந்து வெளியேற்றிவிடலாம். மைக்ரோசொப்ட் கணக்கிலும் முகநூலிலும் இதைப் போன்ற வசதி உண்டு. கணினியில் வட்ஸ்அப்பைத் திறந்து வைத்திருந்தவர்கள், கைத்தொலைபேசியில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற இடத்துக்குச் சென்று அதைத் துண்டிக்க வேண்டும். தொலைபேசியும் பையுடன் போயிருந்தால் சிம் அட்டையை முடக்கும்படி தொலைபேசி நிறுவனத்துக்கு அறிவிப்பதே முதல் வேலை. ஏனெனில் வங்கி அனுப்பும் இரகசிய இலக்கங்கள் எல்லாம் அந்தச் சிம்முக்கே வரும். அதன் பின்னர் வங்கி, அதன் பின்னர் பொலிஸ். இவை அனைத்தும் ஒரு மணித்தியால வேலை. நமது மாணவர் இழந்தது நாற்பத்தெட்டு மணித்தியாலங்கள்.

பொலிஸ் நிலையத்துக்குச் சென்றபோது இன்னொரு குறை வெளிப்பட்டது. "கணினியின் தொடர் இலக்கம் என்ன?" என்று கேட்டார்கள். அவருக்குத் தெரியாது. பெட்டியை வீட்டில் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார்கள். பற்றுச்சீட்டும் இல்லை. "கறுப்பு நிறம், மூலையில் ஒரு கீறல்" என்று சொன்னார். நாட்டிலுள்ள கணினிகளில் பாதி கறுப்புத்தான்!

கண்டெடுக்கப்பட்ட பொருளைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வினவப்பட்டபோது, அதன் உறையையும் அதனைக் கட்டியிருக்கும் கயிற்றையும் அறிந்து வைத்துக்கொண்டு ஓராண்டு அறிவிக்குமாறு வழிகாட்டிய ஹதீஸை மார்க்க வகுப்புகளில் கேட்டிருப்பீர்கள். உறையும் கயிறும் எதற்கு? வந்து கேட்பவர் உண்மையான உரிமையாளர்தானா என்பதை அடையாளம் காண்பதற்கு. அக்காலத்தின் உறையும் கயிறும் இக்காலத்தின் தொடர் இலக்கமாகும். மடிக்கணினியின் அடிப்புறத்தில் சிறிய எழுத்தில் அது இருக்கும். இன்றிரவே அதைப் படம் எடுத்து, பற்றுச்சீட்டின் படத்துடன் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். கணினிக்குள் மட்டும் வைத்தால் கணினியுடன் அதுவும் போய்விடும். அப்படியும் ஒருவர் செய்திருந்தார்.

இப்போது இளைஞர்கள் கேட்பார்கள்: "என் கணினிக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறேன், கள்வனால் எப்படித் திறக்க முடியும்?" இது பெரும் தவறான நம்பிக்கை. திரையில் கேட்கப்படும் அந்தக் கடவுச்சொல் முன்வாசல் கதவு மட்டுமே. கள்வன் கதவைத் தொடவே வேண்டியதில்லை. நான்கு ஆணிகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் வன்தட்டை எடுத்து வேறொரு கணினியில் பொருத்தினால், பூட்டப்படாத கோப்புகள் அனைத்தும் அவன் முன்னே விரிந்து கிடக்கும். அதற்கான காப்பு, வன்தட்டில் எழுதப்படும் யாவற்றையும் குறியாக்கம் செய்துவிடுவதாகும். சாவி இல்லாதவனுக்கு அது பொருளற்ற எழுத்துக் குவியலாகவே தெரியும். விண்டோஸின் தொழில்முறைப் பதிப்பில் இதன் பெயர் பிட்லொக்கர். வீட்டுப் பதிப்புள்ள கணினிகள் பலவற்றிலும் சாதனக் குறியாக்கம் என்ற பெயரில் இந்த வசதி இருக்கிறது. ஆப்பிள் கணினிகளில் பைல்வோல்ட். அமைப்புகளுக்குள் சென்று அது இயங்குகிறதா என்று பாருங்கள். பிட்லொக்கர் 48 இலக்கங்கள் கொண்ட ஒரு மீட்புச் சாவியைத் தரும். அதைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். கணினிப் பைக்குள் வைக்க வேண்டாம். அதனைத் தொலைத்தவர் தம் கோப்புகளைத் தாமே காண முடியாமற் போவதும் உண்டு. பயணம் புறப்படும்போது மூடியை மடக்கி வைப்பதுடன் நிறுத்தாமல் கணினியை முற்றாக அணைத்துவிடுங்கள்.

இது தவக்குலுக்கு முரணானதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஒட்டகத்தைக் கட்டும் ஹதீஸை நான் அவருக்குச் சொல்லவில்லை. அதைக் கேட்காதவர் நம்மில் எவரும் இல்லை. யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைவூட்டினேன். யஃகூப் (அலை) அவர்கள் தம் மக்களை மிஸ்ருக்கு அனுப்பும்போது, எல்லோரும் ஒரே வாசலால் நுழையாமல் வெவ்வேறு வாசல்களால் நுழையுமாறு கூறினார்கள். அல்லாஹ்வின் விதியைத் தம்மால் தடுக்க முடியாது என்றும் அதே மூச்சில் கூறினார்கள். முயற்சியும் நம்பிக்கையும் ஒரே பேச்சில்! அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்னர், சிறுவராக இருந்த யூஸுப் (அலை) தாம் கண்ட கனவைச் சொன்னபோது, சகோதரர்களிடம் அதைக் கூற வேண்டாம் என்று தடுத்தவரும் அந்தத் தந்தையே. எதை யாரிடம் சொல்லக்கூடாது என்று பிள்ளைக்குக் கற்பிப்பது ஒரு நபியின் வீட்டிலேயே நடந்திருக்கிறது.

வெவ்வேறு வாசல்கள் என்றதும் பிரதிகள் நினைவுக்கு வருகின்றன. ஆய்வுக் கட்டுரையை அந்த மாணவர் ஒரே இடத்தில் வைத்திருந்தார். ஒரு பென் டிரைவ்கூட இருந்தது. அதையும் அதே பைக்குள் வைத்திருந்தார். முக்கியமான கோப்புக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவற்றில் ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். மற்றொன்று இணையச் சேமிப்பில் இருக்கலாம்.

அடையாள அட்டைப் பிரதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர்கள் அதை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்புகிறார்கள். நம் பழைய அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கமன்று. முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும்; பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 85 என்று தொடங்கி 532 என்று தொடர்ந்தால், அவர் 1985 பெப்ரவரி 1 ஆம் திகதி பிறந்த பெண். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் ஆண்டு முழுமையாகவே இருக்கும். பிறந்த திகதியையே கடவுச்சொல்லாக வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டபின் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. யாருக்காவது பிரதி கொடுக்க நேர்ந்தால், எந்தத் தேவைக்காகக் கொடுக்கப்பட்டது என்பதையும் திகதியையும் அதன் மேலேயே குறுக்காக எழுதிக் கொடுங்கள். பள்ளிவாசல்களும் சங்கங்களும் தேவைக்கு மேல் எதையும் கேட்டு வாங்காதிருப்பது இன்னும் நல்லது. நிவாரணப் பொதி ஒன்று கொடுப்பதற்கு ஒருவரின் கடன் விபரம் எதற்கு? பிறர் தரவுகளை வைத்திருப்போருக்குச் சில கடமைகள் உண்டு என்பதை நம் நாட்டுப் பாராளுமன்றமும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சட்டம் நம்மைத் தேடி வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

மறுபுறத்தையும் சொல்லிவிடுகிறேன். களவெடுத்த பொருளை வாங்க ஆளில்லாவிட்டால் கள்வன் அதை ஏன் எடுக்கிறான்? பற்றுச்சீட்டு இல்லாமல், மின்னேற்றியும் இல்லாமல், பாதி விலைக்கும் குறைவாக ஒரு மடிக்கணினி வந்தால், "மலிவு, அல்ஹம்துலில்லாஹ்" என்று வாங்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். களவுப் பொருளென்று அறிந்தோ நம்புவதற்குக் காரணம் இருந்தோ வாங்குவது நம் தண்டனைச் சட்டக் கோவையின்படியும் குற்றமே. தற்செயலாகப் பிறருடைய கணினி கைக்கு வந்துவிட்டால் அதைத் திறந்து பார்க்க வேண்டாம். அனுமதியின்றிப் பிறர் வீட்டுக்குள் நுழைவதையும் துருவித் துருவி ஆராய்வதையும் தடுத்த மார்க்கம் நம்முடையது. அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் தண்டனைக்குரியதுமாகும். கணினி திருத்தும் கடைகளில் வேலை செய்யும் தம்பிமாரே, இதை உங்களுக்காகவே சற்று உரத்துச் சொல்கிறேன். திருத்தத் தந்த கணினியில் ஒரு பெண்ணின் புகைப்படத்தைத் திறந்து பார்ப்பவர், அவள் வீட்டு யன்னலால் எட்டிப் பார்ப்பவரிலும் குறைந்தவர் அல்லர். கணினியைத் திருத்தக் கொடுப்பவர்களும், விற்பவர்களும், கோப்புகளைக் குப்பைக் கூடைக்கு அனுப்பினால் அழிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். வன்தட்டில் அவை இருந்துகொண்டே இருக்கும். அவற்றை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பள்ளிவாசல்தானே என்று பொருளை வைத்துவிட்டு வுழூவுக்குச் செல்வோருக்கும் ஒன்று. ஸப்வான் இப்னு உமையா (ரழி) அவர்கள் தமது போர்வையைத் தலைக்கு வைத்துப் பள்ளிவாசலில் உறங்கியபோது அது களவாடப்பட்டது. நபியவர்கள் வாழ்ந்த மதீனாவிலேயே அது நடந்தது.

இனி அந்த மாணவரின் கதைக்குத் திரும்புவோம். உம்மா திட்டவில்லை. வாப்பாவிடம் தாமே பேசினார். சவூதியிலிருந்து வாப்பா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு ஒன்றும் ஆகவில்லையே மகன்?" என்பதுதான். இரண்டாவது, "பைத்துல்மால் பட்டியல் யாருக்குத் தெரியும்?" என்பது. அன்று மாலையே மகன் ஊருக்குப் புறப்பட்டு, நிர்வாக சபைத் தலைவரிடம் நேரில் சென்று சொன்னார். சபையில் சிலர், இதை வெளியே விடக்கூடாது, ஊரில் நம் பெயர் கெட்டுவிடும் என்றனர். தலைவர் முதியவர், கணினியைத் தொட்டே அறியாதவர். "இரகசியம் நம்முடையதல்ல, அவர்களுடையது. அவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்" என்றார். தலைவரும் மாணவரும் சபையினர் இருவருமாக மூன்று இரவுகள், இஷாவுக்குப் பின்னர், வீடு வீடாகச் சென்றார்கள். உங்கள் விபரம் எங்கள் கவனக்குறைவால் கைதவறிவிட்டது; யாராவது தொலைபேசியில் உதவி தருவதாகச் சொல்லி இலக்கங்களைக் கேட்டால் கொடுக்க வேண்டாம்; எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சில வீடுகளில் பேச்சும் கேட்டார்கள். ஒரு சகோதரி, "என் கஷ்டத்தை எழுதி வைத்தீர்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாராம். அந்தக் கதவைப் பற்றிப் பேசும்போது அவர் இன்றும் தலை குனிகிறார்.

ஒரு மாதத்தின் பின்னர் அப்பட்டியலிலிருந்த விதவைத் தாய் ஒருவருக்கு அழைப்பு வந்தது. வெளிநாட்டு நிதியம் ஒன்றிலிருந்து பணம் வந்திருப்பதாகவும், வங்கியிலிருந்து தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கங்களைச் சொன்னால் கணக்கில் இடுவதாகவும் மரியாதையாகப் பேசினார்களாம். களவுபோன கணினிக்கும் அந்த அழைப்புக்கும் தொடர்புண்டா என்பதை எவராலும் நிரூபிக்க முடியவில்லை. இத்தகைய அழைப்புகள் பட்டியலில் இல்லாதவர்களுக்கும் வருகின்றன. ஆனால் அந்தத் தாய் இலக்கங்களைச் சொல்லவில்லை. "பள்ளித் தலைவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்" என்று கூறி அழைப்பைத் துண்டித்துவிட்டு, நேரே தலைவரின் வீட்டுக்குச் சென்றார். இணைய மோசடிகளைப் பற்றி இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம் என்பது மாணவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது; அவரே அழைத்துச் சொன்னார்.

கணினி இதுவரை கிடைக்கவில்லை. மேற்பார்வை செய்த விரிவுரையாளரிடம் அச்சுப் பிரதியாக இருந்த இரண்டு அத்தியாயங்களை வைத்துக்கொண்டு, இரவல் கணினியில் ஆய்வுக் கட்டுரையை மீண்டும் எழுதி முடித்தார். பட்டமும் பெற்றார். பைத்துல்மால் பட்டியலை இப்போதும் அவரே பார்க்கிறார். தலைவரே அதை மீண்டும் அவரிடம் ஒப்படைத்தார். அதில் இப்போது பெயர்கள் இல்லை, இலக்கங்கள் மாத்திரமே. எந்த இலக்கம் யாருடையது என்பதை எழுதிய கொப்பி தலைவர் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. சாவி அவரது இடுப்பில் இருக்கிறது.